நெய்மீன் என்று சொன்னேன்

எங்கள் தெருவுக்குள் மீன் வண்டி வராது. கோட்டைக்குள்ளே, பத்மநாபன் கோயில் மதிலைப் பார்த்தபடி ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு நிற்கும் அக்கிரகார வீடுகள் எங்களுடையவை. மீன் பெட்டி கட்டிய ஸ்கூட்டர்கள் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தோடு ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். என்றாவது காற்று சாலைக் கடைத்தெருப் பக்கமிருந்து அடித்தால் என் மாமியார் தெரு ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போடுவார். அப்படிப்பட்ட வீட்டில், மருமகளாகிய என் உடம்பிலிருந்து மீன் வாடை வந்தது.

இப்போது இல்லை. இதை எழுத உட்காருவதற்கு முன்பும் ஒருமுறை குளியலறைக்குப் போய், கழற்றிப் போட்ட துணியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சோப்பு வாசனைதான். ஆனாலும் பேனாவை எடுத்த பிறகு மறுபடி ஒரு சந்தேகம். போய்விட்டது என்று டாக்டர் சொல்லி நாளாகிறது. அதை என் மூக்கிடம் யார் சொல்வது?

மகள் பிறந்து சில வருடங்கள் கழித்து ஆரம்பித்தது. வெள்ளைப்படுதல் எல்லாருக்கும் உள்ளதுதானே என்று முதலில் விட்டுவிட்டேன். இது வேறு. நீர்த்து, சாம்பல் நிறத்தில், வாடையோடு. மாதவிலக்கு முடிந்ததும் அதிகமாகும். கணவர் நெருங்கி வந்த பிறகு இன்னும் அதிகமாகும். முதலில் பார்த்த டாக்டர், யோனியில் பாக்டீரியா தொற்று, பெண்களுக்குச் சகஜம் என்று சொல்லி மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்தார். துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல் வாயெல்லாம் கசந்தது. ஆனால் வாடை போயிற்று. அன்றைக்குப் பூ வாங்கி வைத்துக்கொண்டு அலுவலகம் போனேன். அடுத்த மாதவிலக்கு முடிந்த காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அது திரும்பி வந்திருந்தது.

அதன் பிறகு வருவதும் போவதும் அதன் இஷ்டம். மாத்திரை, ஜெல், உள்ளே வைக்கும் மாத்திரை, வேறு டாக்டர், மறுபடி அதே மாத்திரை. அது இல்லாத நாட்களில்கூட எனக்கு நிம்மதி இருந்ததில்லை. எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். பேய் பிடித்தவர்களைப் பற்றிச் சின்ன வயதில் கேட்ட கதைகளில் ஒன்று எனக்குப் புரிந்ததே இல்லை. பேய் ஆடும்போது அவர்கள் அழமாட்டார்களாம், இறங்கிய பிறகுதான் உட்கார்ந்து அழுவார்களாம். ஏன் என்று அந்த வருடங்களில் புரிந்துகொண்டேன்.

என் கணவர் வங்கியில் வேலை பார்ப்பவர். சாது என்று தெருவில் பெயர். இந்த விஷயத்தில் அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. படுக்கையிலிருந்து எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டிவிட்டு வருவார், அவ்வளவுதான். ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் போய் அந்தக் குமிழைத் தொட்டுவிட்டு வருவார். வாயைத் திறந்து கேட்டிருந்தால் நானும் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்திருப்பேன். மின்விசிறியோடு எப்படிச் சண்டை போடுவது?

அழுக்கு என்றால் எங்கள் வீடுகளில் ஒரே மருந்துதான். தண்ணீர். விடிந்தால் தலைக்குக் குளியல், வெளியே போய்விட்டு வந்தால் கால் அலம்பல், அடுப்படிக்குள் போக மடித்துணி. நானும் அலம்பினேன். வெந்நீர், மஞ்சள் தண்ணீர், வேப்பிலை கொதிக்க வைத்த தண்ணீர், கிருமிநாசினி கலந்த தண்ணீர். மருந்துக்கடையில் குழாய் வைத்த ரப்பர் குமிழ் ஒன்று வாங்கி உள்ளேயும் பீய்ச்சினேன். அலம்ப அலம்ப அதிகமாயிற்று. அதிகமாக ஆக இன்னும் அலம்பினேன். அது தங்குவதற்கு நானே இடம் ஒழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று பின்னால் தெரியவந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் வைத்துக்கொண்டு பொன்முடிக்குக் கிளம்பினோம். மாமியாரும் வந்தார். மலைமேல் ஒரே மூடுபனி, வண்டி விடமாட்டார்கள் என்று அடிவாரத்தில் திருப்பிவிட்டார்கள். சரி என்று கல்லாற்றில் இறங்கினோம். மாமியார் கரையில் ஒரு பெட்டிக்கடைப் பலகையில் உட்கார்ந்து கட்டுச்சாதத்துக்குக் காவல் இருந்தார். நான் சுடிதாரோடு ஒரு பாறை இடுக்கில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தேன். குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் இருக்கும்வரை எனக்கு வாடையே இல்லை. இருந்தாலும் ஆறு எடுத்துக்கொண்டு போய்விடும். மகள் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு வந்து வந்து காட்டினாள். எல்லாரும் கரையேறிய பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. இப்படியே இந்தத் தண்ணீரோடு போய்விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. நிஜமாகவே வந்தது. பயந்துபோய் எழுந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் நல்ல மழை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். முன்னால் டிரைவரும் என் கணவரும், பின்னால் மாமியாரும் நானும். மகள் என் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் மூக்கை உறிஞ்சினார்.

"சாரே, மீன் வல்லதும் வாங்கிச்சோ? வண்டியில மணம் நிக்கும், கேட்டோ."

பாவம், அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. மீன் ஏதாவது வாங்கி வைத்திருக்கிறோமோ, வண்டி நாறிப்போகுமே என்ற கவலை. என் கணவர் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, ஆபீஸ்ல அவாளோட ஒக்காந்துண்டு மீன் திங்கறயாக்கும் நீ?"

எங்கள் வீட்டு மனிதர்களுக்குத்தான் இப்படி ஒரு சந்தேகம் வரும். மீன் சமைக்கிற வீடாக இருந்தால் ஒரு மாமியாருக்கு அது மீன் இல்லை என்று மூக்கே சொல்லியிருக்கும். என் மாமியார் பிறந்ததிலிருந்து மீனைக் கிட்டே வைத்துப் பார்த்ததில்லை. அவருக்கு வாடை என்றால் மீன், மீன் என்றால் தின்றது.

"ஆமாம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அந்த மூடிய வண்டிக்குள் வேறு எதைச் சொல்வது? மீன் தின்றவள் என்றால் அது ஒரு குற்றம். குற்றத்தை நிறுத்தலாம், மன்னிப்புக் கேட்கலாம், ஒரு முழுக்குப் போட்டுத் தீர்க்கலாம். இது அப்படி இல்லையே. இதை நான் செய்யவில்லை. இதுவாக நான் இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் மகள் என் மடியிலிருந்து சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து, என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, ஜன்னலோரமாக நகர்ந்துகொண்டாள். நான் ஆமாம் என்று சொன்னது முதலா, அவள் எழுந்தது முதலா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். மழை, வைப்பர், டிரைவரின் கழுத்து எல்லாம் தெளிவாக இருக்கிறது. அந்த ஒரு நொடி மட்டும் கலங்கியே இருக்கிறது.

"என்ன மீனு?" என்றார் மாமியார். பெயர் தெரிந்தால்தான் பாவத்தின் கனம் தெரியும் போலிருக்கிறது.

அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஹோட்டல் பலகையில் தினமும் கண்ணில் படும் ஒரே ஒரு பெயர்தான் அப்போது எனக்குத் தெரிந்திருந்தது.

"நெய்மீன்" என்று சொன்னேன்.

"நெய்யா? அந்தப் பேரைப் போயா வச்சான், பாவி!" என்று வீடு வந்து சேரும் வரை புலம்பிக்கொண்டே வந்தார்.

அன்றிலிருந்து சுவாமிக்கு நைவேத்தியம் செய்வது என் கையைவிட்டுப் போயிற்று. ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது. விளக்கேற்றக்கூடாது. நான் மீனை விடவேண்டும் என்று மாமியார் பழவங்காடி கணபதிக்கு ஒரு கூடைத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டார். வாடை வரும் நாட்களில் "இன்னிக்கும் ஆச்சாக்கும்?" என்பார். நானும் ஆச்சு என்பேன். ஒரு துண்டு மீனை நாக்கில் வைக்காமல், தெருவிலேயே பெரிய மீன்தின்னி என்று பெயர் வாங்கினேன். சில நாள் எனக்கே சிரிப்பு வரும். சிரித்துவிட்டு அலம்பப் போவேன்.

மகளை மட்டும் சிரித்துத் தள்ள முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மடியில் விழுகிற பழக்கம் அவளுக்கு. காரில் வந்த அந்த நாளுக்குப் பிறகு அவள் கிட்டே வந்தால், அடுப்பில் பால் இருக்கிறது, கொடியில் துணி இருக்கிறது என்று எழுந்துவிடுவேன். இரண்டாவது தடவை அவள் எழுந்து நகர்வதைப் பார்க்கிற தைரியம் எனக்கில்லை. நானே முதலில் எழுந்துகொண்டேன். கொஞ்ச நாளில் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். எனக்கு வேண்டியிருந்தது அதிகமில்லை. இந்த வாடை போகவேண்டும், என் பெண் பழையபடி வந்து மடியில் படுக்கவேண்டும். அவளோ நிற்காமல் வளர்ந்துகொண்டிருந்தாள்.

அவள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அந்த டாக்டரிடம் போய்ச் சேர்ந்தேன். என் வயதுக்காரர், மலையாளி. மற்ற டாக்டர்கள் என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்டார்கள். இவர், எதை வைத்து அலம்புகிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகவே வரிசைப்படுத்தினேன். மஞ்சள், வேப்பிலை, கிருமிநாசினி, குழாய். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நிறுத்துங்கோ. எல்லாம் இன்னிக்கே நிறுத்துங்கோ" என்றார். கோட்டைக்குள் இருப்பவள் என்று தெரிந்து எங்கள் தமிழில் பேசப் பார்த்தார். பாதியில் மலையாளத்துக்கு மாறிவிட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். யோனிக்குள் ஒரு கூட்டம் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. லாக்டோபேசிலஸ் என்று பெயர். அவை இருக்கும் இடம் புளிப்பாக இருக்கும். அந்தப் புளிப்பில் கெட்டவை தலையெடுக்காது. எனக்குள் நல்லவை ஏறக்குறைய அழிந்துபோயிருந்தன. அலம்பி அழித்தது கொஞ்சம், ஏன் என்றே தெரியாமல் போனது மீதி. மாத்திரை கெட்டவற்றைக் கொல்லும். காலியான இடத்தில் நல்லவை வந்து குடியேறாவிட்டால் மறுபடி அவையே வரும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது.

"அப்போ நல்லதை எங்கேயிருந்து கொண்டுவருவது?" என்று கேட்டேன்.

"இன்னொரு பெண்ணிடமிருந்து" என்றார்.

ஆரோக்கியமான ஒரு பெண்ணின் யோனியில் சுரக்கும் நீரை, அதிலுள்ள கிருமிக் கூட்டத்தோடு அப்படியே எடுத்து இன்னொருத்திக்குள் வைக்கும் சிகிச்சை. இன்னும் பரீட்சை நிலையில்தான் இருக்கிறது. எல்லா இடத்திலும் செய்வதில்லை. ஆஸ்பத்திரிக் குழுவின் அனுமதியோடு, எதற்கும் அடங்காதவர்களுக்கு மட்டும். கொடுப்பவளுக்கு எல்லாத் தொற்று நோய்க்கும் பரிசோதனை உண்டு. நன்றாக இருக்கிறோம் என்று நினைத்து வந்தவர்களில் பலர் அதில் தேறவில்லையாம். பலிக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன், பலிக்காமலும் போகலாம் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் நம்பினேன்.

எனக்கு அது விநோதமாகவே தெரியவில்லை. எங்கள் தெருவில் உறை கெட்டுப்போய்த் தயிர் நூல்விட்டால், அடுத்த வீட்டுக்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு கரண்டி மோர் வாங்கி வந்து பாலில் விடுவோம். மறுநாள் நம் வீட்டுத் தயிர் நன்றாகிவிடும். அதைச் சொன்னேன். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "கிட்டத்தட்ட அதே குடும்பம்தான்" என்றார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு இந்த விஷயத்தை வைத்து ஒருவரோடு சேர்ந்து சிரித்தேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

மோர் யார் வீட்டிலிருந்து வந்தது என்பது மட்டும் தெரியாது. அவளுக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு அவளைத் தெரியாது, அதுதான் முறை என்று சொல்லிவிட்டார்கள்.

முதலில் மருந்து கொடுத்து உள்ளே இருந்ததை வெளியேற்றினார்கள். அப்புறம் ஒரு காலையில் என்னைப் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து, ஊசி இல்லாத சிறிய சிரிஞ்சால் உள்ளே விட்டார்கள். வலிக்கவில்லை. சற்றுக் குளிர்ந்தது, அவ்வளவுதான். அசையாமல் படுத்திருங்கள் என்றார்கள். கூரையைப் பார்த்துக்கொண்டு, எனக்குள் வந்திருப்பவளை நினைத்தேன். எந்தத் தெரு, எந்த ஜாதி, என்ன சாமி, என்ன சாப்பிடுவாள் என்று என் மாமியார் கேட்டிருப்பார். இந்த ஊரில் பத்தில் எட்டுப் பெண்ணாவது மீன் இல்லாமல் சோறு உண்ணமாட்டாள். மீன் வாடை போக, மீன் தின்கிற ஒருத்தி எனக்குள் குடிவந்திருக்கிறாள் என்று நினைத்ததும் சிரிப்பில் வயிறு குலுங்கிற்று. அசையாதீர்கள் என்றாள் நர்ஸ்.

அந்தத் தடவை பலிக்கவில்லை. சில வாரம் நன்றாக இருந்தது. அப்புறம் ஒருநாள் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவள் நகர்ந்தாள். அவள் பஸ் வந்ததற்காகக்கூட நகர்ந்திருக்கலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். யாரோ ஒருத்தி தந்ததை நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். செடியைப் பட்டுப்போக விட்டால் வருமே, அந்தத் துக்கம். டாக்டர் பதறவில்லை. அதே பெண்ணிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அவள் மறுபடியும் கொடுத்தாள். எனக்காக மறுபடி வந்தாள். என்னைத் தெரியாமல், எதையும் கேட்காமல்.

இரண்டாவது தடவை அது தங்கிவிட்டது. ஒரு மாதவிலக்கு போயிற்று. இன்னொன்று போயிற்று. வாடை வரவில்லை. பரிசோதனையில் லாக்டோபேசிலஸ் நிறைய இருப்பதாகச் சொன்னார்கள். என் கணவர் மின்விசிறியைக் கூட்ட எழவில்லை என்பதைக்கூட நான்தான் கவனித்தேன். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் நான் தனியாக இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பஸ்ஸில் ஏறினால், எனக்குக் கொடுத்தவள் இவளோ என்று ஒவ்வொரு பெண்ணாகப் பார்ப்பேன். டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர் பெண்ணா? துணிக்கடைப் பையை மடியில் வைத்துத் தூங்கும் இவளா? பள்ளிக்கூட டீச்சர் போலிருக்கிற அவளா? ஒருத்தி சும்மா என்னைப் பார்த்துச் சிரித்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பழையது போன இடத்தில் இவள் வந்து உட்கார்ந்துகொண்டாள். குளிக்கும்போது பத்திரமாகக் குளித்தேன், யாருடைய பொருளையோ கையில் வைத்திருப்பதுபோல. இரவல் கேட்டு வாங்கியது, அதைச் சொந்தக்காரி வந்து திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது. இப்போதும் அந்தப் பயம் உண்டு.

என் மாமியாருக்கோ எல்லாம் கணபதி செயல். வாடை நின்றதைக் கண்டு, நான் மீனை விட்டேன் என்று முடிவு கட்டி, ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு பழவங்காடிக்குப் போனார். கூடைத் தேங்காயையும் தம் கையாலேயே ஒவ்வொன்றாக வீசினார். தேங்காய் சிதறித் தண்ணீர் என் கால் வரைக்கும் தெறித்தது. "என் மாட்டுப்பொண்ணுக்கு நல்ல புத்தி குடுத்தயேப்பா!" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டபோது அவர் கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது. எனக்குக் கோபம் வந்தது, அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. கடையில் இன்னொரு தேங்காய் வாங்கி நானே உடைத்தேன். இது யாருக்கு என்று கேட்டார். ஒரு சிநேகிதிக்கு என்றேன்.

அன்று சாயங்காலம் சுவாமி விளக்கை நான் ஏற்றினேன். ஆனால் மகள் மடிக்கு வரவில்லை. ஏன் வரப்போகிறாள்? இருபது வயதுப் பெண். காதில் ஹெட்போன், கையில் போன், பேச்செல்லாம் பாதிக்கு மேல் மலையாளம். வாடை போனால் எல்லாம் திரும்பிவிடும் என்று எண்ணியிருந்தேன். போன வருடங்கள் எதுவும் என்னைக் கேட்டுக்கொண்டு போகவில்லை.

படித்து முடித்து, ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். சென்ற மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், அவள் வேலையிலிருந்து வந்து உள்ளே போனதும், கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் நிமிர்ந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"வந்துடுத்துடி! மறுபடியும் ஆரம்பிச்சுட்டயாக்கும்?"

கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறக் குளியலறைக்கு ஓடினேன். கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி முகர்ந்தேன். இல்லை. திரும்பிக் கூடத்துக்கு வந்தால், இருக்கிறது. லேசாக, ஆனால் அதுவேதான். அதை எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? மகளின் அறைக் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. கதவிடுக்கு வழியாக இன்னொரு வாசனை வந்தது. கிருமிநாசினி.

சுவாமி அறைப் பக்கம் திரும்பி, பத்மநாபா, என் பெண் மீன் தின்றிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மத்தி, அயிலை, எது வேண்டுமானாலும் தின்றிருக்கட்டும். கோட்டைக்குள் இப்படி ஒரு வேண்டுதல் அந்தச் சாமியின் காதில் விழுந்திருக்காது.

ஈரத் தலையோடு அவள் வெளியே வந்தபோது மாமியார் வழியை மறித்துக்கொண்டு நின்றார். "அம்மா விட்டா, பொண்ணு புடிச்சுண்டயாக்கும்? என்ன மீனுடி?"

அவள் பாட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"நெய்மீன், பாட்டி" என்றாள். "கேன்டீன்ல. சாரி."

காரில் அவள் கேட்டு வைத்துக்கொண்ட பெயர். இந்த வீட்டில் வாடைக்கு என்ன பதில் சொல்வது என்று என்னிடமிருந்து கற்றுக்கொண்ட பெயர்.

அவளை அறைக்குள் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் துண்டால் தலையைத் துடைத்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.

"நெய்மீன் எப்படிடி இருக்கும்?"

"எப்படின்னா? மீன் மாதிரி. எந்தினாம்மா, எதுக்கு இப்போ?"

"முள் உண்டா?"

"உண்டு... இல்ல, தெரியல."

"எனக்கும் தெரியாது" என்றேன். "நான் நெய்மீனைப் பார்த்ததுகூட இல்லை."

துண்டு அப்படியே நின்றுவிட்டது. "அப்போ அன்னிக்கு, கார்ல?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, மஞ்சள் தண்ணீர், அப்பாவின் மின்விசிறி, சிரிஞ்சு, முகம் தெரியாத அந்தப் பெண், பழவங்காடியில் உடைத்த தேங்காய். என்னிடம் யாராவது கேட்டிருக்க வேண்டியதை அவளிடம் கேட்டேன். எத்தனை நாளாக, எந்த நிறத்தில், அரிக்கிறதா, வலிக்கிறதா. அவள் முதலில் தலையை மட்டும் ஆட்டினாள். அப்புறம் அழுதாள். சில மாதமாக இருக்கிறதாம். கம்பெனியில் ஒருத்தி தள்ளி உட்கார்ந்தாளாம்.

"எனக்கும் அதே வந்துடுத்தாம்மா? மாறவே மாறாதா?"

"அதை டாக்டர் சொல்லட்டும். முக்கால்வாசிப் பேருக்கு மாத்திரையிலேயே போயிடும். நாளைக்குக் காலம்பரப் போறோம். அந்தக் கிருமிநாசினி பாட்டிலை மட்டும் இப்பவே கொட்டு."

"மாறலைன்னா? நீ குடுப்பியா? ஒன்னோடதை?"

"என்னோடதா அது? நானே இரவல் வாங்கிண்டது" என்றேன். "அதுக்கும் பரிசோதனையெல்லாம் உண்டு. தேறினா, கேட்கவா வேணும்."

சொல்லும்போதே எனக்குள் இருக்கும் அந்த இன்னொருத்தியும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. அவள் ஆட்சேபிக்கவில்லை.

கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "கணபதிக்கு ஒரு கூடைன்னு வேண்டிண்டுட்டேன், கேட்டியோ!"

"மீன் இல்லைம்மா!" என்று கத்தினேன். "அன்னிக்கும் இல்லை, இன்னிக்கும் இல்லை. ஒடம்பு. வந்து சொல்றேன், ஒக்காருங்கோ."

அப்புறம்தான் கேட்டேன். கேட்கக்கூடாது என்று இவ்வளவு காலம் வைத்திருந்ததை.

"அன்னிக்குக் கார்ல, மடியிலேருந்து எழுந்து தள்ளி ஒக்காந்தயே. ஏன்?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"கோவம்தான். நீ மட்டும் தினம் மீன் சாப்பிட்டுட்டு வரே, எனக்கு ஒண்ணும் கொண்டுவரலையேன்னு."

எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று தெரியவில்லை. இத்தனை வருடம், இத்தனை தடவை நான் எழுந்து எழுந்து போனதெல்லாம் ஒரு எட்டு வயதுக் குழந்தையின் மீன் ஆசையைப் பார்த்துப் பயந்தா? இருக்கலாம். அல்லது நான் தாங்கமாட்டேன் என்று இப்போது பொய் சொல்கிறாளா? அதுவும் இருக்கலாம். பொய் சொல்வதில் அவள் என் பெண்தான்.

பிறகு ஈரத் தலையோடு கட்டிலில் ஏறி, காலை மடக்கிக்கொண்டு, என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். பழைய பயம் அப்படியே வந்துவிட்டது. கால்கள் தாமாக ஒடுங்கின. அடுப்பில் பால் இருக்கிறது என்று வாய் வரைக்கும் வந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை.